போவதா, இருப்பதா: முகாமில் ஒரு குடும்பத்தின் ஆறு ஆண்டுகள்

பின்னணி

மதுரை மாவட்டத்தில் உள்ள ஒரு இலங்கைத் தமிழர் முகாமில் வாரத்துக்கு இரண்டு மாலை உட்கார்ந்து படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். பிறப்புச் சான்று, வங்கிக் கணக்கு, கல்வி உதவித்தொகை என்று எது வந்தாலும் பார்ப்பேன். அந்த மேசைக்கு 2018இல் வந்த ஒரு குடும்பத்தின் கதை இது. அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்களையும், ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களையும் விட்டுவிட்டேன்.

குடும்பத்தில் ஆறு பேர். குடும்பத் தலைவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், அவருக்கு அப்போது 50 வயது. மன்னார் மாவட்டத்தில் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாயும் ஒரு வயல் ஊர்க்காரர். 1990 ஜூனில் சண்டை மறுபடி மூண்டபோது பேசாலையில் இருந்து படகேறி இராமேஸ்வரம் வந்து, மண்டபத்தில் சில வாரம் இருந்துவிட்டு இந்த முகாமுக்கு அனுப்பப்பட்டவர். அவருடைய அம்மாவும் அதே படகில் வந்தவர். முகாமில் எல்லோரும் அவரை ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான்.

அக்கா, அதாவது அண்ணனின் மனைவி, பிறந்தது இலங்கையின் மலையகத்தில், இந்தியாவில் இருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் வம்சத்தில். தமிழர்களுக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பின் அவருடைய அப்பா அம்மா தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் குடியேறினார்கள். அப்போது அக்காவுக்கு நாலு வயது. அங்கிருந்தும் 1990இல் கிளம்ப வேண்டியதாயிற்று. அண்ணனும் அக்காவும் 1995இல் முகாமுக்குள்ளேயே கல்யாணம் செய்துகொண்டார்கள். பிள்ளைகள் மூன்று பேரும் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் பிறந்தவர்கள்: மூத்த பெண் 1997, பையன் 2001, சின்னவள் 2006.

அண்ணன் பெயின்ட் வேலை செய்தார். முகாம் ஆண்களில் பெரும்பாலோர் அந்த வேலைதான். அக்கா தையல். மாதா மாதம் அரசு பணக்கொடை உண்டு. அப்போது குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 750, சிறு பிள்ளைகளுக்கு 400.

கேள்வி வந்த விதம்

2018 பிப்ரவரியில் அண்ணன் சாரத்தில் இருந்து விழுந்து வலது தோள்பட்டை இறங்கிவிட்டது. மூன்று மாதம் பிரஷ் பிடிக்க முடியவில்லை. அந்த ஓய்வில்தான் பேச்சு ஆரம்பித்தது. போர் முடிந்து 9 ஆண்டு ஆகியிருந்தது. ஊரில் கண்ணிவெடி அகற்றி, மக்கள் திரும்பி வந்து விதைத்துக்கொண்டிருந்தார்கள். ஆச்சி பெயரில் 5 ஏக்கர் வயல் இருந்தது.

ஆச்சி ஒரே பிடியாக இருந்தார். "மடு மாதாவிட திருவிழாவுக்கு ஒருக்கா போகோணும். எங்கட காணியில கண் மூடோணும்." அண்ணனுக்கும் மனசு அங்கேதான். மூத்தவள் அந்த ஆண்டு பொறியியல் படிப்பை முடித்துக்கொண்டிருந்தாள். வளாகத் தேர்வில் கடவுச்சீட்டு கேட்டு, இல்லை என்றதும் அவள் பெயரை நிறுத்தி வைத்திருந்தார்கள். பையன் போக மாட்டேன் என்றான். சின்னவளிடம் யாரும் கேட்கவில்லை. அக்கா, "எல்லாரும் என்ன முடிவு பண்றீங்களோ அதுதான்" என்றார். அதை நான் சம்மதம் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கவனித்தவை

இந்தப் பக்கம் இருந்தால் என்ன ஆகும் என்பதை முதலில் பார்த்தோம். இந்தியச் சட்டப்படி 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் பிறந்தவருக்குத் தாய், தந்தையில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பின் பிறந்தவருக்கு இன்னும் இறுக்கம்: ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. மூத்தவள் அந்த முதல் தேதிக்குப் பத்து ஆண்டு கழித்துப் பிறந்தவள். படகில் கடவுச்சீட்டு இல்லாமல் வந்தவர்கள் சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறிகள், அதனால் விண்ணப்பித்துக் குடியுரிமை வாங்கும் வழியும் அடைபட்டிருந்தது.

மூத்தவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்: "அண்ணா, நான் இங்கேயே ஒருத்தரைக் கல்யாணம் பண்ணினால் என் பிள்ளைக்காவது கிடைக்குமா?" சட்டப் பிரிவை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, அதுவும் உறுதி இல்லை என்று சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவள் மனம் அன்றைக்கே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அந்தப் பக்கத்தில் முதல் சிக்கல் காணி. 5 ஏக்கரையும் அண்ணனின் சித்தப்பா மகன் 20 ஆண்டுக்கு மேல் விதைத்து வந்தார். இலங்கைச் சட்டத்தில் ஒருவர் 10 ஆண்டு தடையில்லாமல் ஒரு காணியை ஆண்டால் உரிமை கோர முடியும். போரால் வெளியேறியவர்களுக்காக 2016இல் ஒரு தனிச் சட்டம் கொண்டுவந்து அந்தக் கணக்கில் விலக்கு கொடுத்திருந்தார்கள். சட்டம் நம் பக்கம் இருக்கலாம். ஆனால் எதிரே நிற்பவர் சொந்தத் தம்பி. வழக்கு என்று போனால் அந்த ஊரில் இவர்கள் யாரோடு வாழ்வது?

அடுத்தது பள்ளி. சின்னவள் ஏழாம் வகுப்பு. அங்கே போனால் சிங்களம் இரண்டாம் மொழியாகப் படிக்க வேண்டும், ஓ.எல். என்கிற பள்ளிப் பொதுப் பரீட்சை வேறு பாடத்திட்டம். பையனோ பிளஸ் டூவுக்கு ஒரு வருடம் முன்னால் நின்றான். நடுவில் பிடுங்கினால் இரண்டு நாட்டுச் சான்றிதழும் இல்லாமல் போகும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம், போய்ப் பார்த்துவிட்டு வருவது என்ற ஒன்று இவர்களுக்குக் கிடையாது. முகாமில் எக்ஸிட் என்று சொல்கிற வெளியேறும் அனுமதியை வாங்கிப் போய்விட்டால் முகாம் பதிவு போய்விடும். திரும்ப வர வேண்டுமானால் இலங்கைக் கடவுச்சீட்டும் இந்திய விசாவும் வேண்டும். உறவினர் கல்யாணத்துக்குப் போய் வருகிற மாதிரி அந்தக் கடலைத் தாண்ட முடியாது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர்தான்.

காகித வேலை

போனாலும் இருந்தாலும் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு நாட்டின் காகிதம் வேண்டும் என்பது மட்டும் ஆரம்பத்திலேயே தெளிவாக இருந்தது. அதுவரை அவர்கள் மூவரும் எந்த நாட்டின் பதிவிலும் குடிமக்கள் இல்லை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையைப் பதிந்தால் இலங்கை வம்சாவளிக் குடியுரிமை கொடுக்கும். ஓராண்டுக்குள் பதிய வேண்டும், தாமதமானால் காரணம் காட்டிப் பதியலாம். அதற்குப் பெற்றோரின் பிறப்புச் சான்று, கல்யாணப் பதிவு, பிள்ளையின் பிறப்புச் சான்று எல்லாம் வேண்டும்.

1995 கல்யாணம் பதியப்படவே இல்லை. 23 ஆண்டு கழித்துப் பதிந்தோம். மூத்தவள் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்தாள். அண்ணனின் பிறப்புச் சான்றை மன்னாரில் அந்தச் சித்தப்பா மகனே அலைந்து எடுத்து அனுப்பினார். வந்த பிறகு பார்த்தால் அதில் அண்ணனின் பெயர் 'யெ' என்று ஆரம்பிக்கிறது, முகாம் அட்டையில் 'ஜெ'. 1990இல் மண்டபத்தில் யாரோ காதில் விழுந்தபடி எழுதிய ஒரு எழுத்து. அதுதான் பிள்ளைகளின் பள்ளிச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் ஏறியிருந்தது. இரண்டும் ஒரே ஆள் என்று பிரமாணப் பத்திரம் போட்டு, ஒவ்வொரு மேசையிலும் விளக்கி, அந்த ஒரு எழுத்துக்கே நாலு மாதம் போனது.

அக்காவின் விஷயம் வேறு. அவர் அப்பா அம்மா 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இரண்டு நாடும் பங்கு போட்டுக்கொண்ட மலையக மக்களில் சேர்ந்தவர்கள். எந்தப் பங்கிலும் காகிதம் வாங்காமலே இறந்துபோனார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு இலங்கை 2003இல் ஒரு சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்தது. இந்தியாவுக்கு ஓடிவந்தவர்கள் அதில் விடுபட்டுப் போனதால் 2009இல் திருத்தினார்கள். அதன்படி அக்கா விண்ணப்பிக்கலாம் என்பது எனக்கு 2018 செப்டம்பரில்தான் தெரிந்தது. அதுவரை அவர் அண்ணனின் மனைவி என்பதால் எல்லாம் சேர்ந்தே நடந்துவிடும் என்று அசட்டையாக இருந்துவிட்டேன்.

எடுத்த முடிவும் காரணமும்

2018 நவம்பரில் பிள்ளைகளின் குடியுரிமைச் சான்று கைக்கு வந்தது. அப்புறம் இரண்டு இரவு உட்கார்ந்து பேசி இப்படி முடிவு செய்தார்கள். ஆச்சியும் அண்ணனும் ஜனவரியில் முதலில் போவது. பையனின் பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் 2019 மே மாதம் மற்றவர்கள் போவது. அதற்குள் அக்காவின் காகிதமும் வந்துவிடும் என்று எண்ணினோம். காணிக்கு வழக்கு இல்லை. 3 ஏக்கர் அண்ணனுக்கு, 2 ஏக்கரைச் சித்தப்பா மகன் தொடர்ந்து விதைப்பார்.

இரண்டாகப் பிரிந்து போவதற்கு மூன்று காரணம் எழுதி வைத்திருந்தேன். ஆச்சிக்கு 70 வயது, காத்திருக்க முடியாது. அங்கே வீடு இல்லை, முதலில் ஒருவர் போய்க் கூரை போட வேண்டும். பிள்ளைகளின் படிப்பாண்டு கெடக் கூடாது. மூன்றும் இன்றைக்கும் சரியென்றுதான் படுகிறது. மே மாதம் என்று ஒரே ஒரு தேதியின் மேல் எல்லாவற்றையும் ஏற்றி வைத்ததுதான் தவறு.

போகிற வாரம் சாமான் கட்டினார்கள். ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு விமானத்தில் பயணம், கொண்டுபோக எடைக்கணக்கு உண்டு. பழைய பேப்பர் கடைக்காரரிடம் தராசு இரவல் வாங்கி வந்து ஒவ்வொரு மூட்டையாகத் தூக்கிப் பார்த்தார்கள். பித்தளைக் குத்துவிளக்கு, ஆச்சியின் ஜெபமாலைப் பெட்டி, பெயின்ட் பிரஷ் கட்டு போயின. அக்காவின் தையல் மெஷின் போகவில்லை. "அது மே மாசம் வரும்" என்றார் அண்ணன். 28 வருடத்துச் சாமானை இப்படித் தராசில் வைத்து இது இருக்கட்டும், அது வேண்டாம் என்று பிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டமாக இருந்தது.

2019: மூடிய மாதங்கள்

ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில் குண்டு வெடித்தது. ஆச்சியும் அண்ணனும் அன்று காலை ஊர்க் கோயிலில் பூசைக்குப் போயிருந்தார்கள். இலங்கையில் வாட்ஸ்அப்பை முடக்கிவிட்டார்கள். இங்கே அக்கா காலையில் இருந்து அழுத்திக்கொண்டே இருந்தார், ஒற்றை டிக் மட்டும் நின்றது. சாயங்காலம் சாதாரணப் போனில் அண்ணனின் குரல் கேட்டபோது வீட்டில் யாரும் பேசவில்லை, அழுதார்கள்.

மே பயணம் நின்றது. நான் நிறுத்தச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. அக்காவின் சான்றும் அப்போது வந்திருக்கவில்லை. பையன் மதுரையில் கல்லூரியில் சேர்ந்தான். மூத்தவள் ஒரு சிறிய கம்பெனியில் குறைந்த சம்பளத்துக்கு வேலைக்குப் போனாள்.

நவம்பரில் அங்கே ஆட்சி மாறியது. கோத்தபய ராஜபக்ச ஜனாதிபதியானதும் முகாமில் போகிற பேச்சே அடங்கிவிட்டது. டிசம்பரில் இங்கே குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானில் இருந்து வந்த முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினரைச் சேர்த்தார்கள், இலங்கையைச் சேர்க்கவில்லை. ஒரு மாத இடைவெளியில் இரண்டு பக்கமும் கதவு சாத்தின சத்தம் கேட்டது.

அந்த ஆண்டு உருப்படியாக நடந்த ஒரு காரியம்: அண்ணன் அங்கே அடையாள அட்டை எடுத்ததோடு நிற்காமல், நான் சொன்னேன் என்று கடவுச்சீட்டும் எடுத்தார். "விதைக்கிறவனுக்குப் பாஸ்போர்ட் எதுக்கு தம்பி" என்று கேட்டுக்கொண்டேதான் எடுத்தார்.

2020, 2021

2020 மார்ச்சில் விமானங்கள் நின்றன. ஆச்சி 2021 பிப்ரவரியில் தன் வீட்டில் இறந்தார். கூரை போட்ட வீடு, சொந்தக் காணி. அவர் கேட்டது கிடைத்தது. அடக்கத்தை இங்கே நாலு பேரும் போன் திரையில் பார்த்தார்கள். சிக்னல் விட்டு விட்டு வந்தது.

அதே ஆண்டு மே மாதம் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. நவம்பரில் விலக்கினார்கள், ஆனால் காலபோகம் என்கிற மழைக்கால நெல் விதைப்புக்கு அது பிந்திவிட்டது. அண்ணனின் வயலில் ஏக்கருக்கு 25 மூட்டை கண்ட இடத்தில் 12 வந்தது.

இங்கே ஆகஸ்டில் தமிழக அரசு பணக்கொடையை உயர்த்தி, தலைவருக்கு 1,500, பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 ஆக்கியது. அகதிகள் முகாம் என்ற பெயரையும் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். புது வீடுகள் கட்டித் தருவதாகவும் அறிவிப்பு வந்தது. நிம்மதியான செய்தி, சந்தேகம் இல்லை. கடவுச்சீட்டுக்கு அதில் வழியில்லை. டிசம்பரில் அக்காவின் இலங்கைக் குடியுரிமைச் சான்று வந்து சேர்ந்தது, மூன்று ஆண்டு கழித்து.

2022: படகு

2022 மார்ச்சில் இருந்து மன்னார்க் கரையில் இருந்து மக்கள் மறுபடி படகில் தனுஷ்கோடி அரிச்சல்முனைப் பக்கம் வந்து இறங்க ஆரம்பித்தார்கள். ஏப்ரலில் இலங்கை வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டிப் போனது. டீசல் இல்லாமல் அண்ணனால் உழ முடியவில்லை.

மே மாதம் ஒரு இரவு போன் செய்தார். பேசாலையில் ஒருவர் படகுக்கு ஆள் சேர்க்கிறார், வரட்டுமா என்றார். கூப்பிட்டால் குடும்பம் சேர்ந்துவிடும். அக்கா போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

வேண்டாம் என்றேன். எப்படியோ வந்து சேர்ந்தாலும் பழைய பதிவு திரும்பக் கிடைக்காது. புதிதாக வந்தவர்களை மண்டபத்தில் தங்க வைத்தார்களே தவிர அகதி என்று பதியவில்லை. கையில் கடவுச்சீட்டு உள்ள மனிதர் படகில் வந்தால், அந்தக் கடவுச்சீட்டோடு விசா வாங்கி வரும் வழி அதோடு போய்விடும். மணல்திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடும் படகோட்டிகளைப் பற்றியும் கேள்விப்பட்டிருந்தோம். மூத்தவள் தன் சம்பளத்தில் இருந்து மாதா மாதம் அனுப்புவது என்று பேசி முடித்தோம். அந்த ஆண்டு இங்கிருந்து அங்கே பணம் போனது. 2018இல் நாங்கள் போட்ட கணக்கில் அது தலைகீழாக இருந்தது.

அந்த ஆகஸ்டில், மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. முகாமே கொண்டாடியது. மூத்தவள் செய்தியைப் படித்துவிட்டு, "அவங்க 86, நான் 97" என்றாள்.

2023, 2024

சென்னை-யாழ்ப்பாணம் விமானம் 2022 டிசம்பரில் மறுபடி பறக்கத் தொடங்கியது. 2023 மார்ச்சில் அண்ணன் கடவுச்சீட்டு, சுற்றுலா விசாவோடு வந்து இறங்கினார். நாலு வருடம் இரண்டு மாதம் கழித்து. தான் வெள்ளையடித்த முகாம் சுவருக்குப் பக்கத்தில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது தகராறு இல்லாமல் திரும்பினார்.

அவர் வந்துபோனது மூத்தவளுக்குத் தைரியம் கொடுத்தது. அந்த ஆகஸ்டில் அவள் எக்ஸிட் வாங்கிக்கொண்டு போனாள். பட்டத்தை அங்கே உறுதிப்படுத்திக்கொண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு மென்பொருள் வேலையில் இருக்கிறாள். வார இறுதியில் மன்னாருக்குப் பஸ். தம்பியிடம் ஒருநாள் போனில் சொன்னாளாம், படிவத்தில் குடியுரிமை என்ற கட்டத்தைத் தயங்காமல் நிரப்புவது இன்னும் புதுசாக இருக்கிறது என்று.

பையன் இங்கேயே இருக்கிறான். மொபைல் பழுது பார்க்கும் கடையில் வேலை, கபடி அணி, நண்பர்கள். இலங்கைக் குடியுரிமைச் சான்று அவன் பெட்டியில் இருக்கிறது, வேண்டும்போது எடுத்துக்கொள்வான். சின்னவள் 2024இல் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். மருத்துவம் படிக்க ஆசை, அரசு ஒதுக்கீட்டுக்கு இந்தியக் குடியுரிமை கேட்டார்கள். இப்போது உயிர்வேதியியல் படிக்கிறாள்.

நாகப்பட்டினம்-காங்கேசன்துறைக் கப்பல் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு, மூத்தவள் 2024 அக்டோபரில் விடுமுறைக்கு வந்து அந்த வழியாகத் திரும்பினாள். அக்காவின் தையல் மெஷினின் தலைப்பகுதியைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனாள். கால் ஸ்டாண்ட் இங்கேயே இருக்கிறது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதே மாதிரி ஒரு குடும்பம் நாளை வந்தால், எந்த நாடு என்ற பேச்சை எடுக்கவே விடமாட்டேன். முதல் ஆறு மாதம் காகிதம் மட்டும், அதுவும் எல்லோருக்கும் ஒன்றாக. பெயரில் எழுத்து ஒத்துப்போகிறதா என்று முதல் நாளே எல்லா அட்டையையும் மேசையில் பரப்பிப் பார்ப்பேன். மலையக வழி வந்தவர் யாராவது இருந்தால் அவருடைய விண்ணப்பத்தைத்தான் முதலில் அனுப்புவேன், ஏனென்றால் அதற்குத்தான் அதிக காலம் பிடிக்கிறது. போகிறவர் அங்கே இறங்கிய முதல் ஆண்டிலேயே கடவுச்சீட்டு எடுத்தாக வேண்டும். இந்தக் கதையில் நாங்கள் சரியாகச் செய்தவற்றில் அதற்குத்தான் முதலிடம்.

குடும்பத்துக்கு ஒரே முடிவு என்று நான் நினைத்ததும் தவறு. ஆளாளுக்குத் தனியாகக் கேட்டிருந்தால் பையன் வரமாட்டான் என்பது 2018லேயே கணக்கில் ஏறியிருக்கும், மே மாதத்தை நம்பிக் கூரை போட்டிருக்க மாட்டோம்.

அக்காவிடம் தனியாகக் கேட்டது அந்த 2024 அக்டோபரில்தான், மெஷின் போன மறுநாள். எங்கே இருக்க விருப்பம் என்று கேட்டேன். உடனே பதில் சொல்லவில்லை. வெறும் ஸ்டாண்டின் மிதிகட்டையைக் காலால் இரண்டு தடவை ஆட்டினார்.

"சின்னவ படிப்பு முடியட்டும் தம்பி. மன்னாருக்குப் போவேன், அவர் இருக்காரு. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு தடவை தலவாக்கலைப் பக்கம் போகணும். நான் பிறந்த தோட்டத்து லயம் வீடு இன்னும் இருக்கான்னு பாக்கணும்."

வீட்டுக்கு வந்து இந்தக் குடும்பத்தின் நோட்டை எடுத்துப் புரட்டினேன். ஆறு ஆண்டுப் பக்கங்களில் மன்னார் இருந்தது, மதுரை இருந்தது. தலவாக்கலையைக் கடைசிப் பக்கத்தில் அன்றுதான் எழுதினேன்.